ஓட்டையை அடைக்கும் முன் தராசில் ஏற்றுங்கள்

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நல்ல காற்று. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகன், என்னுடைய பழைய விண்ட்சர்ஃபிங் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனான். அரை மணி நேரத்தில், இடுப்பளவு நீரில் பலகையைத் தள்ளியபடி நடந்தே திரும்பி வந்தான். பலகையின் மூக்குப் பகுதியில் 50 காசு நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் வெள்ளை ஸ்டைரோஃபோம் தெரிந்தது.

என்ன நடந்தது என்று அவன் சொல்லாமலேயே புரிந்தது. விண்ட்சர்ஃபிங் செய்பவரின் இடுப்புப் பட்டை, பாயின் கைப்பிடித் தண்டோடு ஒரு கொக்கியால் இணைந்திருக்கும். திடீரென்று பலத்த காற்று அடித்தால் பாய் முன்னால் சாயும். கொக்கியில் மாட்டியிருப்பவரைக் கவணில் வைத்த கல்லைப்போல் தூக்கி வீசும். கூடவே பாய்மரமும் சாய்ந்து பலகையின் மூக்கில் ஓங்கி அடிக்கும். இந்த விளையாட்டில் பலகைக்கு ஏற்படும் காயங்களில் மிகவும் வழக்கமானது இதுதான்.

அன்று மாலை அக்கா வீட்டில், அவன் ஓர் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மாமா, இதுல அறுபது வெள்ளி இருக்கு. தீபாவளிக்குக் கிடைச்சது. ரிப்பேருக்கு வச்சுக்குங்க."

பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ஏற்கெனவே கைப்பேசியில் கேட்டிருந்தேன். அவர் சொன்ன தொகை, அந்தப் பலகையை நான் பழையதாக வாங்கிய விலையில் பாதி. அதை அவனிடம் சொல்லவில்லை. "அறிவியல் ஆசிரியர் வீட்டுல இருக்கும்போது எதுக்குடா ரிப்பேர் கடை? அரை மணி நேர வேலை," என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெருமை பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

அக்காவின் தரைவீட்டில், கார் நிறுத்துமிடத்து அலமாரியில் ஒரு டின் பாலியெஸ்டர் ரெசின் இருந்தது. ஃபைபர்கிளாஸ் பொருள்களை ஒட்டப் பயன்படும் பிசுபிசுப்பான திரவம் அது. பலகையின் மேல்தோலும் ஃபைபர்கிளாஸ்தானே என்று நினைத்து, அதைக் கலந்து ஓட்டைக்குள் ஊற்றினேன். ஊற்றிய திரவம் மறைந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுவும் மறைந்தது. குனிந்து பார்த்தால், உள்ளே இருந்த ஸ்டைரோஃபோம் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம்போல் குழைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாணயம் அளவு இருந்த ஓட்டைக்குக் கீழே, என் உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ஒரு குகை உருவாகிவிட்டது.

ஏன் இப்படி? ஸ்டைரோஃபோமின் வேதிப்பெயர் பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் என்ற சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. கடையில் விற்கும் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றும் பதத்தில் வைத்திருக்க அதில் சேர்க்கப்படும் திரவமும் அதே ஸ்டைரீன்தான். ஒத்த தன்மை உள்ளவை ஒன்றையொன்று கரைக்கும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பலகைக்குள் இருக்கும் ஃபோமில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம்தான் பிளாஸ்டிக். கன அளவில் 98 விழுக்காட்டுக்கு மேல் காற்று. சங்கிலிகள் நெகிழ்ந்ததும் காற்று வெளியேறிவிடும். மிஞ்சுவது ஒரு கரண்டிக் குழம்பு. இது உருகுதல் அல்ல, கரைதல். தேர்வில் இரண்டையும் குழப்பாதீர்கள். நான் குழப்பவில்லை, ஆனாலும் ஊற்றினேன்.

எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினில் ஸ்டைரீன் இல்லை. பாலிஸ்டைரீன் உட்கூடு கொண்ட பலகைக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

என் தவறால் ஒரு நன்மையும் விளைந்தது. குகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் பலகையைக் கவிழ்த்தபோது, ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. நிற்கவே இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு சிறிய குளம். "உப்பா இருக்கான்னு பார்க்கவா மாமா?" என்று விரலை நீட்டினான். ரெசின் பட்ட நீரை நாக்கில் வைக்கப் போனவனைத் தடுத்தேன். பிறகுதான் அவன் ஒன்றைச் சொன்னான். "போன மாசமே சொன்னேனே மாமா, போர்டு கனமா இருக்குன்னு."

சொல்லியிருந்தான். "உனக்குத் தோளில் பலம் போதாது" என்று நான்தான் சிரித்துவிட்டேன்.

உடனே தராசை எடுத்தோம். குளியலறையில் நம் எடை பார்க்கும் சாதாரண மின்தராசு. இரண்டரை மீட்டர் நீளப் பலகையை அதன்மேல் நிறுத்த முடியாது. எனவே, அவன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு முறை, பலகையில்லாமல் ஒரு முறை ஏறினான். இரண்டையும் கழித்தால் பலகையின் எடை. அந்தத் தராசு 0.1 கிலோ வரைதான் காட்டும் என்பதால் மூன்று முறை எடுத்துச் சராசரி கண்டோம். 10.1 கிலோ. பலகையின் மேல் அச்சடித்திருந்த எடை 8.5 கிலோ. ஆக 1.6 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கடல்நீரை நாங்கள் வாரக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தோம்.

ஒன்றரைக் கிலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விண்ட்சர்ஃபர் பலகை இதைவிட மிகவும் கனமானது. அதன் தோல் தடித்த பாலிஎத்திலீன். பாறையில் மோதினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இன்றைய பலகையை எடை குறைவாகச் செய்வதற்காக அந்த முரட்டுத்தனத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என் பலகையின் கன அளவு 115 லிட்டர். அதற்குள் இருக்கும் ஃபோம் முழுவதின் எடையே சுமார் 1.7 கிலோதான். புகுந்த நீர் கிட்டத்தட்ட அதற்குச் சமம்! அந்த நீர் உள்ளேயே கிடந்தால் தோலும் ஃபோமும் ஒட்டியிருக்கும் பிடிப்பும் நாளடைவில் தளரும்.

சரி, அன்று விழுந்த ஓட்டை வழியாக அரை மணி நேரத்தில் இவ்வளவு நீர் புகுந்திருக்குமா? அவன் கனம் பற்றிப் புகார் சொன்னதோ ஒரு மாதத்துக்கு முன்பு. அப்படியானால் நீர் நுழைய வேறொரு வழி இருக்க வேண்டும்.

நீர் தானாக உள்ளே போவதில்லை. பலகைதான் அதை உறிஞ்சுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதிய வெயிலில் மணலில் கிடக்கும் பலகைக்குள் காற்று 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விரிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கொஞ்சம் வெளியேறிவிடும். இப்போது பலகையை 29 டிகிரி கடல்நீரில் போடுகிறோம். கெல்வினில் 323இலிருந்து 302. கன அளவு மாறாவிட்டால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், ஏறத்தாழ 6.5 விழுக்காடு. வெளியே இருக்கும் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால், உள்ளே அதைவிடச் சுமார் 6.6 கிலோபாஸ்கல் குறைவு. ஒரு ஸ்ட்ராவில் கடல்நீரை 65 சென்டிமீட்டர் உயரத்துக்கு இழுக்கத் தேவையான உறிஞ்சல் அது. மயிரிழை விரிசலுக்கு இது போதும். ஒவ்வொரு வாரமும் வெயிலில் ஒரு மூச்சு வெளியே, கடலில் ஒரு மூச்சு உள்ளே. ஃபோம் மணிகளுக்குள் நீர் எளிதில் புகாது. ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள சந்துகளில் ஊர்ந்து போய்விடும்.

இதற்காகத்தான் பலகையின் மேல்தளத்தில் காற்று வெளியேற ஒரு சிறிய திருகு வைத்திருக்கிறார்கள். கடலில் இறங்கும்போது மூடவேண்டும். கரைக்கு வந்ததும், விமானத்தில் அனுப்பும்போதும் திறந்துவிட வேண்டும். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது.

மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க அதே விதியைத் திருப்பிப் போட்டோம். பெரிய ஓட்டையின்மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து, காற்றுப் புகாதபடி சுற்றிலும் நாடா ஒட்டினோம். திருகை மூடியபடியே பலகையைக் காலை வெயிலில் பதினைந்து நிமிடம் வைத்தோம். (அதற்கு மேல் வேண்டாம். அடைபட்ட காற்று தோலையே உப்பவைத்துப் பிரித்துவிடும்.) பிறகு பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தூரிகையால் மேல்தளம் முழுதும் பூசினோம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல்தான். மூக்குப் பக்கம் அமைதி. பின்பக்கம், காலை நுழைக்கும் வார்ப்பட்டையின் திருகு அருகே, கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசைகட்டி எழுந்தன. துடைத்துவிட்டு உருப்பெருக்கியால் பார்த்தபோது இரண்டு சென்டிமீட்டர் நீள விரிசல் தெரிந்தது. அந்தத் திருகைச் சில மாதங்களுக்கு முன் அளவுக்கு மீறி இறுக்கியது நான்.

அறுபது வெள்ளி உறையை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

மூக்கை மட்டும் அழகாக ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீர் உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். பின்பக்க விரிசல் வழியாக இன்னும் சேர்ந்திருக்கும். ஆகவே முதல் வேலை உலர்த்துவதுதான். ஓட்டை கீழே இருக்கும்படி பலகையைச் சாய்த்து, திருகைக் கழற்றி, மெல்லிய காகிதத் துவாலையைத் திரிபோல் சுருட்டி ஓட்டைக்குள் செருகினோம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது நீரை இழுக்கும். அதற்கு முன் ஓட்டைப் பகுதியை நல்ல தண்ணீரால் சில முறை கழுவினோம். ஒரு லிட்டர் கடல்நீரில் 30 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. நீர் மட்டும் ஆவியாகிவிட்டால் ஐம்பது கிராம் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை மறுபடியும் ஈர்க்கும். ஹேர் டிரையரை நெருக்கமாகப் பிடிக்கலாமா என்று அவன் கேட்டான். கூடாது. 80 டிகிரியை நெருங்கினாலே இந்த ஃபோம் நெகிழத் தொடங்கும். மின்விசிறியும் பொறுமையும் போதும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை பார்த்தோம். ஓர் இரவு வடிந்ததில் 9.6. முதல் வாரம் 9.2, இரண்டாம் வாரம் 8.8, மூன்றாம் வாரம் 8.6, நான்காம் வாரமும் 8.6. அவன் அதை வரைபடமாக வரைந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தான். முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு தட்டையாகும் வளைகோடு. வேதியியல் ஆய்வகத்தில் படிகங்களைச் சூடாக்கும்போது "நிறை மாறாத வரை" என்று எழுதுவீர்களே, அதேதான். இரண்டு அளவீடுகள் ஒன்றாக வந்தபிறகே நாங்கள் ரெசின் டின்னைத் திறந்தோம். அதற்குள் மார்ச் விடுமுறையும் வந்துவிட்டது.

பலகையின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் ஒட்டும் முறை தானாக விளங்கும். நடுவே இலேசான ஃபோம், மேலும் கீழும் மெல்லிய, விறைப்பான தோல். வளைக்கும்போது ஒரு தோல் இழுபடும், மற்றது அமுங்கும். இரண்டையும் விலக்கி நிறுத்துவது ஃபோமின் வேலை. தோல் அப்படியே இருக்க, இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் தோலும் ஃபோமும் பிரிந்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். எனவே ஓட்டையைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் 'டக் டக்'. பிரிந்த இடத்தில் 'தொப் தொப்'. விமானப் பாகங்களைச் சோதிக்கும் பொறியாளர்களும் இப்படி நாணயத்தால் தட்டிப் பார்ப்பதுண்டு. 'தொப்' என்ற பகுதி முழுவதையும் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்தோம். வெட்டும்போது மூலைகள் விடாமல் வட்டமாக வெட்டவேண்டும். கூர்மையான மூலையில்தான் விசை குவிந்து அடுத்த விரிசல் தொடங்கும். விமானச் சன்னல்கள் மூலை மழுங்கி இருப்பதற்கும் அதுவே காரணம்.

குகையை நிரப்ப, குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் இருந்த ஸ்டைரோஃபோமைச் செதுக்கினோம். அதைச் சுற்றியுள்ள இடுக்குகளுக்கு, மாவுபோன்ற கண்ணாடி நுண்கோளங்களை எபாக்ஸியில் கலந்து பூசினோம். அந்தக் கோளங்கள் உள்ளே வெறுமையானவை. எனவே எடை கூடாது.

எபாக்ஸியில் இரண்டு திரவங்கள். ரெசின் மூலக்கூறுக்கு இரண்டு முனையிலும் கைகள். ஹார்டனர் மூலக்கூறுக்கு அந்தக் கைகள் பிடித்துக்கொள்ளப் பல இடங்கள். எல்லாக் கைகளுக்கும் ஒரு பிடி கிடைத்தால் முப்பரிமாண வலை உருவாகி இறுகும். ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. துணை கிடைக்காத மூலக்கூறுகள் நடுவே மிதந்து, ஒட்டு என்றைக்கும் பிசுபிசுவென்று இருக்கும். டின்னில் எழுதியுள்ள விகிதத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரேயடியாக நிறையக் கலக்காதீர்கள். இந்த வினை வெப்பம் உமிழும். குறுகலான குவளையில் வெப்பம் வெளியேற வழி இல்லாததால் வினை இன்னும் வேகமாகும், அதனால் இன்னும் சூடாகும். நாங்கள் 150 கிராம் கலந்த காகிதக் குவளையைச் சில நிமிடங்களில் கையில் பிடிக்க முடியவில்லை; தரையில் வைத்துவிட்டு விலகி நின்றோம். அடுத்த முறை 50 கிராம், அகலமான தட்டில்.

கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடவே கூடாது. தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். திறந்த இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். வீவக வீட்டின் பொது நடைபாதை இதற்கான இடமல்ல.

தோலை மூடும் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டு அதன்மேல் துணி ஒட்டினால், விசை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் விழும். ஆகவே, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து நீண்ட சரிவாக்கினோம். தோலின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் என்றால் சரிவின் நீளம் அதைப்போல் 12 மடங்கு, 24 மில்லிமீட்டர். பரப்பு பெருகப் பெருக, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பசையும் தாங்கவேண்டிய விசை குறையும். அதன்மேல் எபாக்ஸியில் நனைத்த கண்ணாடியிழைத் துணி மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுப் பெரியது. நடு அடுக்கை 45 டிகிரி திருப்பிவைத்தோம், இழைகள் பல திசைகளிலும் இழுவிசையைத் தாங்கட்டும் என்று. மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மணல் நிரப்பிய பை. பின்பக்க விரிசலுக்கு ஓர் அடுக்கு போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் பின்பக்க ஒட்டின்மேல் மெழுகுபோல் ஒரு வழவழப்பு. அவன் பயந்துவிட்டான். நம் ஊர் ஈரப்பதத்தில் இது சகஜம். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றிலுள்ள நீராவியோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் உருவாக்கும் படலம் அது. வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தாலோ, அடுத்த அடுக்கு ஒட்டாது. கழுவி, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்தோம். வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியை மஞ்சளாக்கிச் சிதைக்கும் என்பதால் கடைசியாகப் பெயிண்ட். கடையில் நீல நிறம் பொருந்தவில்லை. வெள்ளை அடித்தோம்.

தராசில் 8.9 கிலோ காட்டியது. ரெசினும் துணியும் பெயிண்டுமாக 300 கிராம் கூடியிருக்கிறது. அந்தப் பழைய திருகுக்குப் பதில் புதியது வாங்கிப் போட்டோம். இப்போது கரையேறியதும், பாயைக் கழற்றுவதற்கு முன்பே, அவன் ஒரு நாணயத்தால் அதைத் திருகித் திறந்துவிடுகிறான். மூக்கிலிருக்கும் வெள்ளை ஒட்டின்மேல் கறுப்பு மையில் 8.9 என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறான். ஜூன் விடுமுறையில் மறுபடியும் நிறுத்துப் பார்த்தோம். 8.9.